கீழ்ச்சுதி

"உந்த வரியை எடுத்துப் போடுங்கோ ரீச்சர். இல்லாட்டி உங்கட ஆர்மோனியத்தைக் கொத்திப் போடுவன்."

அப்புத்துரை நெல்லுக் களஞ்சியத்தின் வாசலில் நின்று கத்தினார். உள்ளே பாட்டு ஒத்திகைக்கு வரிசை கட்டி நின்ற நாற்பது பேரில் ஒருவரும் அவருக்காக வாய் திறக்கவில்லை. முன்வரிசைப் பெண்ணொருத்தி அவரைப் பார்த்தபடியே காறித் துப்பினாள்.

விமலேஸ்வரி ஆர்மோனியத்தை விட்டு எழும்பவில்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில், அந்தக் குடியேற்ற ஊரின் மேல்பக்கத்து வயல்கள் மூழ்கப் பார்த்தன. யாரோ இருட்டில் போய் வாய்க்காலின் அணைக்கட்டை வெட்டிவிட்டார்கள். மேல்பக்கத்துப் பயிர் பிழைத்தது. கீழ்ப்பக்கத்துக் கொட்டில்களை, நித்திரையில் கிடந்த சனத்தோடு சேர்த்துத் தண்ணீர் கொண்டுபோனது.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி விமலேஸ்வரியின் தங்கை அன்னபாக்கியம்.

அந்த அணைக்கட்டை ஒட்டிக் கிடந்த வயல் அப்புத்துரையுடையது. ஊருக்கு அதுவே போதுமாக இருந்தது. அவர் கிணற்றுக்குள் செத்த நாயைப் போட்டார்கள். அவர் மகளின் கலியாணப் பேச்சைக் குழப்பினார்கள்.

விமலேஸ்வரி அழுதுகொண்டிருக்கவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பல சுதிகளில் சேர்ந்து பாடப் பழகியவள் அவள். அந்த வெள்ளத்தை ஊரே சேர்ந்து பாடும் இசைநாடகமாக எழுதினாள். ராசா இல்லை, ராணி இல்லை. மழை தொடங்கியதிலிருந்து பிணம் எடுத்தது வரை எல்லாம் கூட்டத்தின் குரல்தான். சித்திரையில் உருத்திரபுரத்தில் மேடையேற இருந்தது.

அதன் நடுவில்தான் அந்த வரி.

கட்டை வெட்டின கை எது?

முதலில் பெண்கள் கேட்பார்கள். பிறகு ஆண்கள். கடைசியாக, அடிக்குரலில் பாடும் கீழ்ச்சுதிக்காரர் மட்டும் தனியாக.

"என்னைப் பாத்துப் பாடத்தானே உந்த வரியை எழுதினனீங்கள்?" அப்புத்துரையின் குரல் உடைந்தது.

"அப்ப ஏன் வெளியில நிக்கிறியள்? உள்ளுக்கு வந்து நீங்களும் கேளுங்கோவன்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. பிறகு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

வரிசைகள் இறுகின. அவருக்குத் தள்ளி நின்று இடம் விட்டவர் ஒரே ஒருவர், கீழ்ச்சுதிக்காரர்களின் நடுவில் நின்ற விமலேஸ்வரியின் கணவர் பரமலிங்கம்.

பாட்டு தொடங்கியது. பெண்கள் அப்புத்துரையைப் பார்த்தே கேட்டார்கள். ஆண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்கள். கீழ்ச்சுதியின் முறை வந்தபோது அப்புத்துரை கண்ணை மூடிக்கொண்டு, தாளமும் சுதியும் தப்ப, தொண்டை கிழியக் கேட்டார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

விமலேஸ்வரிக்கு அது கேட்கவில்லை. அடியில் இருக்கவேண்டிய குரல் அங்கே இல்லை. மற்றெல்லாக் குரல்களையும் அந்த ஒரு குரலின் மேல்தான் அடுக்கியிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள். பரமலிங்கத்தின் வாய் எல்லோரோடும் சேர்ந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது; சத்தம் மட்டும் வரவில்லை.

அவளும் கணவனும் செய்த வயலும் மேல்பக்கத்தில்தான் கிடந்தது. தங்கையைப் பறிகொடுத்த வீட்டைப் பார்த்து ஊர் விரல் நீட்டவில்லை. அவளும் நீட்டவில்லை.

பாட்டை நிறுத்தினாள்.

"கீழ்ச்சுதி மட்டும் இன்னொருக்கா. இந்தமுறை ஒவ்வொராளா."

முதலில் பாடச் சொல்லி அவள் அப்புத்துரையைக் கேட்கவில்லை. வேறெவரையும் கேட்கவில்லை.

கணவனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஆர்மோனியத்தின் ஆகக் கீழ்க்கட்டையை அழுத்தி, அவருக்குச் சுதி எடுத்துக் கொடுத்தாள்.