வராதவரின் நாற்காலி

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் பல்கலைக்கழக வாகை மரத்தடியில் மாணவர்கள் கூடி இலக்கியம், தத்துவம், சமூகம் என்று பேசுவார்கள். அவர்களுக்கு நாற்காலிகளைச் சுமந்து வந்து போடுவது கூட்டிப் பெருக்குகிற மாரிக்கனிதான். ஒன்பது பேருக்குப் பத்து நாற்காலி கேட்பார்கள். ஏனென்று அவள் கேட்டதில்லை.

அன்று முட்டிவலி உயிரை எடுத்தது. பத்தாவதைப் போட்டவள் அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேச்சு நின்றது.

“அக்கா, அதுல உக்காராதீங்க” என்றான் கூட்டம் நடத்தும் இளம்பரிதி. “அது காலியாத்தான் இருக்கணும்.”

“யாருக்குப்பா?”

“இங்க வந்து பேச முடியாதவங்களுக்குக்கா. உழைக்கிற சனங்களுக்கு. அவங்க நினைவா வச்சிருக்கோம்.”

மாரிக்கனிக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. இரண்டு வருஷமாக வாராவாரம் அவள் சுமந்தது இதைத்தானா?

“செத்தவங்களுக்குத்தான தம்பி நினைவா வைப்பாங்க?”

இளம்பரிதி கையிலிருந்த கட்டுரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வலிக்கிற காலை இரண்டு கையாலும் தூக்கி, கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

“ம், பேசுங்க. கேக்கேன்.”