படலைக்கு விட்ட இடம்

போன சனி நட்ட தூணைச் சூசைதாசன் காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"கல்லு மாதிரி நிக்குது, ஸ்ரீ. புயலுக்கும் விழாது."

பக்கத்து வீட்டு ஸ்ரீஸ்கந்தராஜா அடுத்த பலகையை எடுத்துக் கொடுத்தான். காலையிலிருந்தே அவன் வாய் திறக்கவில்லை. லீவு நாள் இப்படிப் போகிற ஆத்திரமாக்கும் என்று சூசைதாசன் நினைத்துக்கொண்டார்.

இங்கிலிஷ் இராணுவக்காரர் குடும்பம் குட்டியோடு இருந்துவிட்டுப் போன வீடுகள் அவை. ஜேர்மனியில், கிறேஃபெல்ட் நகரத்துக்கு வெளியே, பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால். 2002இல் இராணுவம் வெளிக்கிட்டதும் மலிவாக விற்றார்கள். வரிசையாகச் செங்கல் வீடுகள். பின்பக்கம் எல்லோருக்கும் ஒரே புல்வெளி, நடுவில் ஒரு வேலி கிடையாது. நாய்களைக் கட்டி வைத்திருக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை மட்டும் மிச்சம்.

ஜேர்மன்காரர் பிறேமரின் நாய்க்கு ஆங்கிலம் தெரியாது.

பிறேமருக்குத் தெரிந்தது முறைப்பாடு எழுத. சூசைதாசன் குடிவந்த கிழமையே, ஒரு வீடு தள்ளி இருந்தும், கறி மணம் தன் திரைச்சீலையில் ஏறிவிட்டது என்று கடிதம் போட்டார். மகள் ஜெசிக்கா தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய கொண்டாட்டத்துக்குப் பொலிசைக் கூப்பிட்டார். வணக்கம் சொன்னால் நாயைப் பார்த்துக்கொண்டு போவார்.

கடைசியாக எழுதியதுதான் மனைவி டொறத்தியை உலுப்பிவிட்டது. பின்னேரங்களில் பிள்ளை வீட்டில் தனியே நிற்கிறது என்று பிள்ளைகள் நல அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். பொய்யென்று சொல்லவும் ஏலாது. சூசைதாசனுக்குத் தொழிற்சாலை. டொறத்திக்கு வயோதிபர் இல்லத்தில் பின்னேர வேலை. கோடை விடுமுறைக்குள் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் பிடிக்காவிட்டால் டொறத்தி வேலையை விடவேண்டும். வேலையை விட்டால் வீடும் நிற்காது.

அதனால்தான் தங்களுக்கும் பிறேமருக்கும் நடுவிலிருந்த வீடு விலைக்கு வந்தபோது டொறத்தி ஓடிப்போய், தமிழ்க்கடையில் பழக்கமான மகாதேவியையும் புருஷன் ஸ்ரீயையும் பிடித்தாள். தரகரிடம் தானே கூட்டிப்போனாள்.

"ஜெசிக்காவை நான் பாக்கிறன் அக்கா, அதென்ன பெரிய வேலையே?" என்று மகாதேவி வாக்கும் கொடுத்தாள்.

தமிழ் முகமொன்று பக்கத்தில் வந்த சந்தோஷத்தில் டொறத்தி அன்று பிறேமரின் நாய்க்குக்கூட வணக்கம் சொன்னாள்.

வேலிக் கதையை எடுத்தது ஸ்ரீதான். குழி தோண்டுகிற மெசினை ஒருக்கா தருவியளோ அண்ணை என்று வந்து நின்றான். பிறேமரின் நாய் தினமும் அவன் வாசலில்தான் வெளிக்கு இருந்துவிட்டுப் போனது. பிறகு கேட்க வேண்டுமா? மெசின் என்ன, ஆளே வாறன் என்று சூசைதாசன் இறங்கிவிட்டார். ஸ்ரீ தங்கள் இரண்டு வீட்டுக்கும் இடைப்பட்ட எல்லையில் முதலில் தொடங்கியது அவருக்கு வித்தியாசமாகப் படவில்லை. அங்கேதான் மண் இளக்கம்.

ஜெசிக்கா போய்வர ஓர் இடைவெளியும் விட்டார். தன் கொட்டிலில் கிடந்த மரத்தில் வேலிக் கதவாகச் சின்னதாக ஒரு படலை செய்தார். ஜெசிக்கா அதற்கு நீலம் அடித்தாள். அது இப்போது சூசைதாசன் வீட்டுச் சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தது.

டொறத்தி தட்டில் தேத்தண்ணியோடு அந்த இடைவெளிக்கு வந்தாள்.

"எனக்கு வேண்டாம் அக்கா, இப்பதான் குடிச்சனான்" என்றான் ஸ்ரீ.

காலை முழுக்க அவன் ஒரு வாய் தண்ணி குடித்ததைச் சூசைதாசன் காணவில்லை. அவர் தன் கோப்பையை ஒரே மூச்சில் முடித்து, தட்டில் திருப்பி வைத்தார்.

"சரி, படலையைக் கொழுவுவம். பிறகு பிறேமரின்ர பக்கம் நூலைப் பிடிப்பம், என்ன?"

ஸ்ரீ ஆணிப் பெட்டிக்குள் எதையோ தேடினான்.

"அந்தப் பக்கம் வேண்டாம் அண்ணை. அவரோட கதைச்சிட்டம். நல்ல மனுசன்."

பெட்டியிலிருந்து தலை நிமிரவில்லை.

"இந்த இடத்தையும் அடைச்சு விடுங்கோ."

பிறேமரின் நாய் புல்வெளியைக் கடந்து வந்து அவன் காலை மோந்தது. ஸ்ரீ அதன் தலையைத் தடவினான்.

டொறத்தி தட்டோடு அப்படியே நின்றாள். ஸ்ரீக்கென்று ஊற்றிய தேத்தண்ணியில் ஆடை படியத் தொடங்கியிருந்தது.

போன மாதமும் வீட்டில் ஒரு கோப்பை இப்படித்தான் ஆறிக் கிடந்தது. மகாதேவி முதன்முதலாக வந்திருந்த பின்னேரம் அது. ஊர் எது, ஊரில் எந்தக் கோயிலடி, மாமனார் என்ன தொழில் செய்தவர் என்று அவள் சிரிக்கச் சிரிக்கக் கேட்டிருக்கிறாள். ஒளிக்க என்ன இருக்கிறது என்று டொறத்தியும் சொல்லியிருக்கிறாள். சொல்லி முடித்த கையோடு மகாதேவிக்கு அடுப்பில் வைத்த சோறு நினைவு வந்துவிட்டது; கோப்பையைத் தொடாமலே எழும்பிப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த சனிதான் ஸ்ரீ மெசின் கேட்டு வந்தான்.

சூசைதாசன் புல்லில் கிடந்த பலகைகளைப் பார்த்தார். பிறேமரின் பக்கத்துக்கு ஒன்றும் இல்லை. இந்த இடைவெளிக்கு மட்டும் சரியாகக் காணும். அளந்துதான் வாங்கியிருக்கிறான்.

அவர் குனிந்து பலகைகளை அள்ளினார். மெசினைத் தோளில் போட்டார். இடைவெளியால் தன் வளவுக்குள் வந்தார்.

"அப்பா, படலை காஞ்சிட்டுது!" ஜெசிக்கா நீல விரல்களோடு ஓடிவந்தாள்.

அவர் முதல் பலகையைத் தூக்கி வைத்து, தன் பக்கத்திலிருந்து ஆணி அடிக்கத் தொடங்கினார்.