ஒரு விரலும் இரண்டு பொத்தான்களும்

சுதாகர் தொட்டால் போன் திரையில் கேம் ஆளின் துப்பாக்கி சுடுகிறது. ஆள் மட்டும் குதிக்கவில்லை. நேற்றுவரை குதித்தான். தியாகதுருகத்தில் அண்ணனின் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் சுதாகர், சக்கைக் குவியலின் புளித்த வாடையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் வலக்கையை நசுக்கி ஆள்காட்டிவிரலை மட்டும் முழுதாக விட்டுவைத்த அதே கரும்பு பிழியும் உருளைகள் சலங்கை குலுங்கச் சுற்றுகின்றன. மற்ற மொட்டை விரல்களைத் துணி சுற்றி மறைத்திருக்கிறான். இடக்கை போனைத் தாங்கி ஆளை நடத்துகிறது. "இன்னாடா, மரமாட்டம் நின்னுக்கினு கீற?" என்கிறான் இயர்போனில் அவன் அணிக்காரன் நவுஷாத். "இப்படியே ஆடுனா ஞாயித்துக்கிழமை மேட்சுக்கு வேற ஆளுதான்." "கேம ஓட்டுற சாஃப்ட்வேர், அந்த இன்ஜினையே புதுசா மாத்திட்டானுங்க மச்சான். பொறு" என்கிறான் சுதாகர். ஒரே விரலுக்காகத் திரையில் குதிக்கும் பொத்தான்மேல் சுடும் பொத்தானை அடுக்கியிருந்தான். பழைய இன்ஜின் ஒரு தொடுதலை இரண்டுக்கும் கொடுத்தது. புதியது மேலே இருப்பதற்கு மட்டுமே கொடுக்கிறது. அணியில் தன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டால் அவனுக்கு இந்தச் சலங்கைச் சத்தம்தான் மிச்சம். துணியை அவிழ்க்கிறான். சாறு குடிப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பொத்தான்களைப் பிரித்துப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறான். சுடுவதற்கு விரல், குதிப்பதற்கு நடுவிரலின் மொட்டை முனை. தோல் பட்டால் திரைக்குப் போதும். ஆள் சுட்டுக்கொண்டே குதிக்கிறான்.