நெஞ்சு நின்றதாக வந்த செய்தி

சலூன் நாற்காலியில் சாய்ந்திருக்கும் பஸ் டிரைவரின் ஒரு கன்னத்தில் இன்னும் நுரை இருக்கிறது. போர்த்திய துணிக்கடியில் போன் அதிர, வெளியே எடுத்துப் பார்க்கிறார். காலையில் ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனின் முடிவு வந்திருக்கிறது. திரையில் தடித்த எழுத்தில் ஒரே வரி: இதயச் செயலிழப்பு. கண்ணாடிக்கு மேலே எரியும் வெள்ளை விளக்கில் அவர் முகமும் நுரையின் நிறத்துக்கு வந்துவிடுகிறது. நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறார். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. "செயலிழந்துடுச்சாம்," என்று போனை நீட்டுகிறார். கத்தியைத் துடைத்தபடி எட்டிப் பார்த்த சலூன்காரர், "அப்போ நான் யாருக்குண்ணே சவரம் பண்ணிட்டிருக்கேன்?" என்கிறார். டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கால் தானாகவே இல்லாத பிரேக்கை அழுத்துகிறது. சலூன்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு குனிகிறார். "கீழ 'எளிய விளக்கம்'னு போட்டிருக்கே, அதத் தொடுங்க." நுரைபட்ட விரலுக்குத் திரை அசையவில்லை, துடைத்துவிட்டு மறுபடி தொட, விளக்கம் விரிகிறது: உங்கள் இதயம் நின்றுவிடவில்லை. ரத்தத்தைத் தள்ளும் பலம் அதற்குக் குறைந்திருக்கிறது. மருந்து உண்டு. உதடசைத்து அதையே இன்னொரு முறை படிக்கும்போது மனைவியின் அழைப்பு வருகிறது. முடிவு அவள் போனுக்கும் போயிருக்கிறது. எதிர்முனையில் விசும்பல். "இங்க பாரு, நான் நல்லாத்தான் உக்காந்திருக்கேன்," என்கிறார். "நீ முதல் வரியோட நின்னுட்ட. கீழ ஒண்ணு இருக்கும், அதத் தொட்டுச் சத்தமாப் படி. நான் லைன்லயே இருக்கேன்."