எட்டு ஜிபி போதும்

முதலாளி காலையிலிருந்தே உர்ரென்று இருந்தார். தண்ணீர்க் குழாய் மொத்த வியாபாரம். பத்துப் பேர் வேலை பார்க்கும் அலுவலகம், ஒரே ஒரு சர்வர். அதற்கு எவ்வளவு மெமரி வேண்டும் என்று கேட்டால், கம்ப்யூட்டர்காரன் வாய் கூசாமல் அறுபத்து நாலு ஜிபி என்கிறான்!

"இப்ப எவ்வளவு இருக்கு?"

"எட்டு சார்."

"எட்டுல இருந்து அறுபத்து நாலா? என் தலையில மிளகாய் அரைக்கலாம்னு பார்க்கிறியா?"

"பில் போட எட்டே தாராளம் சார். ஆனா வந்த சரக்கு, வித்த சரக்கு, இருக்கிற சரக்கு மூணையும் ஒத்துப் பார்க்கிற ரிப்போர்ட் ஓட பத்து மணி நேரம் ஆகுது. சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்க சர்வரை அணைச்சிடுறீங்க. அது பாதியிலேயே செத்துப்போகுது."

"ராத்திரி முழுக்க ஓடவிட்டா, கரண்ட் பில்லை உங்கப்பாவா கட்டுவாரு?"

"அதான் சார், மெமரி போட்டா பத்தே நிமிஷத்துல முடிஞ்சிடும்."

முதலாளியின் மனசு கொஞ்சம் இளகியது. அந்த நேரம் பார்த்து ஸ்டோர் கீப்பர் தொண்டையைக் கனைத்தார். இருபது வருட விசுவாசி. கீழே ஒரு ஸ்குரு கிடந்தாலும் குனிந்து எடுத்து வைப்பார். தினமும் ஆறு மணிக்கு மறக்காமல் சர்வரை அணைப்பதும் அவர்தான்.

"சார், ஒரு நிமிஷம் தனியா..."

உள் அறையில் குரலைத் தாழ்த்தினார். "மெமரி விக்கிற கடை யாருதுன்னு நினைக்கிறீங்க? இவன் மச்சானுது! நேத்து போன்ல ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசினதை என் காதால கேட்டேன் சார்."

முதலாளிக்குச் சுருக்கென்றது. போன வருடம் ஒருவன் பேச்சில் மயங்கி, தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் என்று ஒரு தகர டப்பாவை வாங்கிவிட்டார். மனைவி அதை இன்னும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். இன்னொரு முறை ஏமாந்தால் வீட்டில் தலைகாட்ட முடியாது.

வெளியே வந்தார்.

"தம்பி, மூணு வருஷமா அந்த ரிப்போர்ட்டைப் பார்க்காமதான் நான் வியாபாரம் பண்றேன். குடியா முழுகிப்போச்சு? நடையைக் கட்டு!"

கம்ப்யூட்டர்காரன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"நீங்க மட்டும் இல்லேன்னா இன்னிக்கு எனக்கு மொட்டை அடிச்சிருப்பான்யா!" ஸ்டோர் கீப்பரின் முதுகில் தட்டிய முதலாளிக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது, பாவம். உடனே மனைவிக்குப் போன் போட்டு, தன் சாமர்த்தியத்தை அளக்க ஆரம்பித்தார்.

ஸ்டோர் கீப்பர் அடக்கமாகச் சிரித்துவிட்டுக் கிடங்குக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு அவரும் செல்போனை எடுத்தார்.

"மச்சான், எட்டே போதும்னு முடிவாயிடுச்சு. வழக்கம்போல வேனைப் பின்வாசலுக்குக் கொண்டு வா, இன்னிக்குப் பித்தளைக் குழாய் பத்துப் பெட்டி!"