மாப்பிள்ளையின் மொட்டைமாடிப் பேச்சு

மாப்பிள்ளைக்கு வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டாள்.

மகளும் மாப்பிள்ளையும் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகள் திரைச்சீலைக் கடையில் ஜன்னல் அளவெடுக்கிறவள். அவளுடைய இரும்பு டேப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு கம்பில் வரிசையாகக் கட்டி, ஆன்டெனா என்று சொல்லிவிட்டார் மாப்பிள்ளை. மறுநாள் வாடிக்கையாளர் வீட்டில் அவள் ஜன்னலைச் சாண் போட்டு அளக்க வேண்டியதாயிற்று. சண்டை வராமல் என்ன செய்யும்?

சமாதானம் பண்ணி வைக்கத்தான் மாமியார் பெட்டியோடு வந்திறங்கினாள்.

வந்து பார்த்தால், வீட்டுக்குள் வாயே திறக்காத மனுஷன் சாயங்காலமானால் அந்தக் கம்பைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுகிறார். காதில் இயர்போன், இன்னொரு கையில் வயர்லெஸ் செட். ஒட்டடை அடிக்கிறவர் போல வானத்தைத் துழாவுகிறார். கேட்டால், மேலே சாட்டிலைட் போகிறது, இங்கே பேசினால் அது வாங்கி எங்கேயோ இருக்கிறவருக்குக் கொடுக்கும், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும், இப்போதுதான் பழகுகிறேன் என்றார்.

யாரோடு பேச்சு என்று கேட்டதற்கு மட்டும் அசடு வழிந்தார். அது போதாதா?

இன்று மாமியார் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டாள்.

"உங்க குரல் ரொம்பத் தெளிவாக் கேக்குதுங்க," என்று குழைந்தார் மாப்பிள்ளை. "என் குரல் அங்க எப்படி இருக்கு?"

கட்டினவளிடம் ஒரு வார்த்தை கிடையாது, எவளிடமோ இத்தனை மரியாதையா?

"தப்பு என் பேர்லதாங்க. உங்க மனசை நோகடிச்சிட்டேன். என்னை..."

அதற்குமேல் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து வந்து செட்டைப் பிடுங்கினாள். இயர்போன் வயர் கழன்று தொங்கியது. அவர் அமுக்கியிருந்த பொத்தானைத் தானும் அமுக்கி, "யாருடி நீ? அடுத்தவ புருஷன்கிட்ட உனக்கு என்ன பேச்சு? என் பொண்ணு குடும்பத்தைக் கெடுக்கவா கிளம்பியிருக்கே?" என்று வெளுத்து வாங்கினாள்.

திட்டு மொத்தமும் வானத்துக்குப் போய், கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கும். மாப்பிள்ளை கம்பை மேலே நீட்டியபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

மாமியாரின் விரல் தளர்ந்ததும் செட் கரகரத்தது.

"அம்மா, நான்தான், கடை மாடியிலேர்ந்து அவரோட இன்னொரு செட்டுல பேசறேன். செட்டை அவர்கிட்ட குடும்மா. சாட்டிலைட் மறையப் போகுது, மனுஷன் இன்னும் பாதி மன்னிப்புதான் கேட்டிருக்கார்."