பயற்றுக் காவல்

விடிந்ததும் ரேணுகாம்பாள் அடுப்படியில் நின்றபடி, மடியில் கட்டியிருந்த ஈரத்துணி முடிச்சை அவிழ்த்தாள்.

மகள் அலமு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பூனாவா, அடையாறா என்பது அந்த முடிச்சுக்குள்தான் இருந்தது.

எழுபத்து நான்காம் வருஷம் அது. சினிமாப் படிப்புக்கு இரண்டு ஊரிலும் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அடையாறு பக்கத்தில்தான், வாரம் தவறாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். பூனாவில் சினிமாவோடு டெலிவிஷனும் உண்டு. அலமுவுக்கு அந்த இரண்டு படிப்பும் வேண்டும். டூரிங் கொட்டாயில் அறுந்து விழுந்த பிலிம் துண்டுகளை வெயிலில் பிடித்துப் பார்த்தே வளர்ந்த பெண், வேறு எப்படி இருப்பாள்?

பெரியப்பா துரைக்கண்ணுவுக்கு அடையாறே பிடிக்கவில்லை, அரை மனதாகத்தான் சரி என்றிருந்தார். அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவர் அலமுவின் அப்பா கோதண்டபாணி. காஞ்சிபுரத்தில் ஒருத்தனும் கண்ணால் பார்த்திராத பெட்டிக்கு என்ன படிப்பு என்று பெரியப்பா கேட்க, அப்பாவும் சேர்ந்து தலையாட்டினார். ஆட்டியதோடு நிற்காமல் வாயையும் விட்டார்.

"வறுத்த பயறு முளைச்சா பூனாவுக்கு அனுப்புறேன். போதுமா?"

வேறு எந்த ஊரிலாவது இதைச் சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். காஞ்சிபுரம் பக்கத்துத் திருப்புட்குழியில் இருந்துகொண்டு சொல்லலாமா? பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் பயற்றை வறுத்து, ஊறவைத்து, மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிந்து பார்த்தால், கோயில் தாயார் மனது வைத்தவளின் மடியில் அது முளைத்திருக்கும். தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் நடக்கிற காரியம் அது.

ரேணுகாம்பாள் அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலையிலேயே இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி, புருஷன் கண்ணெதிரில் பயற்றைக் கருகக் கருக வறுத்தாள். பிற்காலத்தில் அலமு எத்தனையோ ஊர் பார்த்துவிட்டாள். எங்கேயாவது பயறு வறுபடும் வாசனை வந்தால் போதும், கை வேலையை அப்படியே விட்டுவிட்டு நின்றுவிடுவாள்.

சொம்பில் ஊறப் போட்ட பயற்றுக்கு அப்பாவே காவல். பொம்பளைகள் ஏதாவது தில்லுமுல்லு செய்துவிடுவார்களாம். பகல் முழுக்கச் சொம்புக்கு எதிரே விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். சோற்றுத் தட்டைக்கூட அங்கேயே வாங்கிக்கொண்டார். தண்ணீர் குடிக்கப் போன அலமுவை அவர் முறைத்த முறைப்பில் அவளுக்குத் தாகமே போய்விட்டது.

இரவு அம்மா மடியில் கட்டிக்கொண்டு படுத்த துணி இப்போது விரிந்தது.

முளைத்திருந்தது. ஒன்றிரண்டு இல்லை, அத்தனை பயறும் வெள்ளையாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அலமுவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அம்மா அவளை இழுத்துக் காதோடு கேட்டாள். "எப்படிடி மாத்துன?"

"நானா? நீதான் மாத்துனேன்னு நெனச்சுக்கினு இருக்கேன்."

"நான் எங்கடி மாத்துறது? அவரு சொம்பை வுட்டு எழுந்துக்கவே இல்லியே."

இரண்டு பேரும் வாசல் பக்கம் பார்த்தார்கள்.

அங்கே பெரியப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, எல்லாம் தோற்றுப்போன மனிதரைப் போல இழுத்து இழுத்து அப்பாவின் குரல். "இன்னா பண்றதுண்ணா. தாயார் உத்தரவாயிடுச்சி. மீற முடியுமா?"

அலமு வாயைப் பொத்திக்கொண்டாள். இவரையா நேற்றுவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அம்மா சிரிக்கவில்லை. முளைத்த பயற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி வருஷக்கணக்கில் வயிறு திறக்காமல், தம்பிக்கு வேறு பெண் பார்க்கிறேன் என்று துரைக்கண்ணு கிளம்பிய சமயத்தில், அவளும் பயறு கட்டிக்கொண்டு படுத்தவள்தான். அது முளைத்தது. பெண் தேடுகிற பேச்சும் நின்றது. அலமு பிறந்தது அதற்கப்புறம்.

"அன்னிக்கும்," என்றாள் அம்மா மெதுவாக, "உங்க நைனாதான்டி காவலுக்கு உக்காந்துக்கினு இருந்தாரு."